படித்தவன் எவ்வூருக்கு உரியவன்?

கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெற்று வெளிவரும் ஒவ்வொரு வாலிபனையும் யுவதியையும் ஒரு கேள்வி வழிமறித்து நிற்கிறது. பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவதா, முன்பின் அறியாத வேற்று நகருக்குச் சென்று வாழ்வதா என்பதே அக்கேள்வி. இதற்குப் பெற்றோர் ஒன்று கூறுவர். நண்பர் வேறொன்று கூறுவர். சம்பளக் கணக்கோ இவர்கள் எல்லாரையும்விட உரக்கப் பேசும். கற்றவனுக்கு எவ்வூரும் தன்னூரே என்று நம்மவர் மேடைதோறும் முழங்குகின்றனர். ஆயினும், சொந்த மகன் பெட்டி கட்டத் தொடங்கிய அன்று, ஊரை மறந்தவன் என்று அவனை ஏசுவதற்கும் அதே நா பின்வாங்குவதில்லை. இவ்விரண்டில் எது நியாயம்? வெறும் உபதேசத்தால் இதற்கு விடை காண இயலாது. இத்தகைய நிலையில் நின்ற ஒருவர் என்ன செய்தார், அதனால் விளைந்த நன்மை யாது, நஷ்டம் யாது என்று சரித்திரத்தைக் கேட்பதே தக்கது. அதற்காக நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. நம் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே என்பாரின் வரலாறே போதும்.

அவர் 1879-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தென்சீனத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். பினாங்கு பிரீ ஸ்கூலில் கற்று, 1896-இல் மகாராணியார் பெயரால் வழங்கிய உபகாரச் சம்பளத்தைப் போட்டிப் பரீட்சையில் வென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். ஆங்கே வைத்தியக் கல்வி முடித்தபின் லிவர்ப்பூலிலும், ஜெர்மனியில் ஹாலேயிலும், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சிச் சாலையிலும் தொற்றுநோய்க் கிருமிகளைப் பற்றிய பயிற்சி பெற்றார். 1903-இல் தாயகம் திரும்பினார். கவனிக்க வேண்டுவது இது: பட்டம் பெற்றவுடன் அவர் அயலூரை நாடவில்லை, பிறந்த நாட்டிற்கே வந்தார்.

வந்தவரை நாடு எவ்வாறு ஏற்றது? அந்நாளில் இந்நாட்டுச் சர்க்கார் வைத்திய இலாகாவில் உயர்ந்த பதவிகளெல்லாம் ஐரோப்பிய வம்சத்தாருக்கே உரியனவாக இருந்தன. மற்றவர் எத்துணைத் திறமை படைத்தவராயினும், பிரிட்டிஷ் கொடியின் கீழ்ப் பிறந்த பிரஜையாகவே இருப்பினும், கீழ்ப்படியில் நின்று கைகட்டவேண்டியதுதான். கேம்பிரிட்ஜில் வெள்ளையருடன் ஒரே பெஞ்சியில் அமர்ந்து பரீட்சை எழுதியவருக்கு, சொந்த ஊரில் அந்த வெள்ளையருக்குச் சமமான நாற்காலி இல்லை. கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் ஏறத்தாழ ஓராண்டு பெரிபெரி முதலிய நோய்களைப் பற்றி ஆராய்ந்தார். அதற்குமேல் வழியில்லை. பினாங்கு சென்று, சூலியா தெருவில் சொந்தமாக வைத்தியசாலை வைத்தார்.

சொந்தத் தொழிலில் வருவாய்க்குக் குறைவில்லை. அத்துடன் அடங்கியிருந்தால் செல்வராய் வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் நோயாளியின் நாடியைப் பிடித்தவர் சமூகத்தின் நாடியையும் பிடித்துப் பார்த்தார். உழைப்பாளிச் சீனர் நாள்தோறும் ஈட்டிய கூலியை அபினிப் புகை விழுங்குவதைக் கண்டார். பினாங்கில் அபினி எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1906-இல் இந்நாடு தழுவிய அபினி எதிர்ப்பு மாநாடு கூட்டுவதிலும் முன்னின்றார். அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினியிலிருந்தே கிடைத்துவந்தது என்பதை நினைவிற் கொண்டால், அவர் எதன்மீது கைவைத்தார் என்பது விளங்கும். 1907-இல் அவருடைய வைத்தியசாலை சோதனையிடப்பட்டது. மருந்துக்காக வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபினிச் சாரம் அகப்பட்டது. அபினியை ஒழிக்கப் புறப்பட்டவர் அபினி வைத்திருந்த குற்றத்துக்காகவே தண்டம் கட்டினார்!

இந்நிலையில்தான் சீனத்து யுவான் ஷிகாய் என்னும் பெருந்தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. டியன்ஸின் நகரில் இராணுவ வைத்தியக் கல்லூரியின் துணைத் தலைமையை ஏற்க வேண்டும் என்பது அவ்வழைப்பு. தராசின் இரு தட்டுகளையும் நாம் நடுநிலையோடு நோக்கவேண்டும். ஒரு தட்டில் பிறந்த ஊர், உற்றார், நிலைத்த தொழில், தொடங்கி முடியாத அபினிப் போர். மற்றொன்றில் தாம் வாழ்ந்தறியாத நகரம், புதிதாகக் கற்கவேண்டிய வடசீன மொழி, ஆட்டங்கண்டுகொண்டிருந்த ஓர் அரசு. பின்னதில் இருந்த நிறை ஒன்றே ஒன்றுதான்: கற்ற கல்விக்கு ஏற்ற வேலையை அவர் கையில் கொடுப்பதற்கு அங்கே ஆட்சேபணை இல்லை. 1908-இல், இருபத்தொன்பதாம் வயதில், அவர் புறப்பட்டார்.

புதிய நகரம் அவரை உடனே உயர்த்திவிட்டதா? இல்லை. மாணவர்க்குப் பாடம் சொல்லியே இரண்டாண்டு கழிந்தது. 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் ஒரு கொடிய பிளேக் பரவிற்று. தார்பகன் என்னும் மலையணிலின் தோலுக்காக வேட்டையாடியவரிடையே தோன்றிய நோய், ரயில் பாதை வழியே நகரங்களுக்கு வந்து, ஹார்பின் நகரையடுத்த பூஜியாடியன் என்னும் சீனர் குடியிருப்பைப் பிடித்துக்கொண்டது. பிடித்தவர் பிழைத்ததில்லை. டிசம்பர் 24-ந் தேதி, உறைபனிக் குளிரில், தம் மாணவர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு வூ லியன் தே அங்கே போய் இறங்கினார்.

இறந்துபோன ஒரு மாதின் உடலை அறுத்து ஆராய்ந்து பிளேக் கிருமியைக் கண்டார். அதனினும் பெரிது அவர் கொண்ட முடிபு. பிளேக் என்றால் எலியும் தெள்ளும் பரப்புவது என்றே அதுகாறும் வைத்தியர் எண்ணியிருந்தனர். ஹார்பினில் பரவுவது நுரையீரல் பிளேக். எலியை வேட்டையாடிப் பயனில்லை. மனிதனுடைய மூச்சிலிருந்தே மனிதனுக்குத் தொற்றுகிறது என்று அவர் கூறினார். சல்லாத் துணியும் பஞ்சும் கொண்டு எளிய முகக்கவசம் தைத்து, வைத்தியரும் பணியாளரும் அணியவேண்டும் என்று கட்டளையிட்டார். பிளேக் நோயில் முன்னரே அநுபவம் பெற்ற பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி என்பார் இதனை ஒப்பவில்லை. கவசமின்றியே நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 ஜனவரி 11-ந் தேதி அந்நோயாலேயே மாண்டார். அதன்பின் மறுத்துப் பேசத் துணிந்தவர் சிலரே.

நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் பிரித்து வைத்தனர். ரயில் பெட்டிகளே தனிமை விடுதிகளாயின. நிலம் கல்லாய் உறைந்து கிடந்தமையால் புதைக்க இயலாத பிணங்கள் இரண்டாயிரத்துக்கும் மேலாகக் குவிந்து கிடந்தன. முன்னோர் உடலைப் புதைத்து வழிபடும் சமூகத்தில் பிணத்தை எரிப்பது பாவமெனக் கருதப்பட்டது. வழக்கம் பெரிதா, உயிர் பெரிதா? அரசரின் அநுமதியை வேண்டிப் பெற்று, ஜனவரி 31-ந் தேதி அவற்றையெல்லாம் தீக்கிரையாக்கினார். மார்ச் மாதத்தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோய் அது. அதே ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாட்டு அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டிற்கு, பினாங்குப் பொற்கொல்லரின் மகன் தலைமை வகித்தார்.

இவ்வளவில் கதையை நிறுத்தி, ஆகவே ஊரை விட்டோடுங்கள் என்று நாம் கூறப்போவதில்லை. விலையையும் சொல்லவேண்டும். சீனத்தில் வாழ்ந்த காலத்தில் அவர் மனைவியும் அம்மாதின் மூன்று மைந்தருள் இருவரும் இறந்தனர். பினாங்கில் அவர் தொடங்கிய போர், நல்ல தளபதி ஒருவரை இழந்தது. இந்நாட்டில் அபினிக் கடைகள் அடைபட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. ஓர் ஊர் பெற்ற நன்மை, மற்றோர் ஊர் பட்ட நஷ்டமேயாகும். இதனை மறைத்துப் பேசுவது அறிவுடைமையாகாது.

இனி, வேற்று நகர் என்றாலே வெற்றி என்று எண்ணுவோர்க்கு நம்மவர் ஒருவரின் வரலாற்றையும் நினைவூட்டுவோம். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், சென்னையில் எம். ஏ. தேறி, 1907-இல் நிதி இலாகாப் பரீட்சையில் வென்று, கல்கத்தாவிற்கு உத்தியோகமாகச் சென்றார். நகரத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சர்க்கார் உத்தரவு தேர்ந்தெடுத்தது. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் அவரை மாற்றியதும் அவ்வுத்தரவே. அவர் தாமாகத் தேர்ந்தது வேறு. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞானச் சங்கத்தின் கதவைத் தட்டி, அலுவலுக்கு முன்னும் பின்னும் ஆங்கே ஆராய்ச்சி செய்தார். 1917-இல், சம்பளம் குறைவு என்று தெரிந்தே, பெரிய உத்தியோகத்தைத் துறந்து சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு வந்தது. அதே நகரில் அதே உத்தியோகம் பார்த்த எத்தனையோ பேர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினர். ஆகவே நகரம் எவரையும் பெரியவராக்குவதில்லை. அங்கே திறந்திருக்கும் கதவும், அதைத் தட்டும் கையுமே ஆக்குகின்றன.

இவ்விருவர் வரலாற்றிலிருந்தும் நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பட்டம் பெற்ற இளைஞர் கேட்கவேண்டிய கேள்வி, எந்நகரில் எத்தனை வெள்ளி கூடுதல் என்பதன்று. நாம் கற்றது எங்கே தேவைப்படுகிறது? அதனைச் செய்ய எங்கே நம்மை விடுவார்கள்? இவ்விரண்டுக்கும் விடை பிறந்த ஊரேயாயின், தலைநகரத்து விளக்கொளிக்கு மயங்கி ஓடுவது பேதைமை. விடை வேற்றூராயின், ஊராரின் ஏச்சுக்கு அஞ்சித் தங்குவதும் பேதைமையே. தோட்டத்து லயத்தில் பிறந்து, தாயின் நகையை அடகு வைத்துப் படித்த பிள்ளைக்கு இத்தேர்வு எளிதன்று என்பதை நாம் அறிவோம். வீட்டுக் கடன் அவன் கழுத்தில் தொங்குகிறது. முதற் சில ஆண்டுகள் கூலிக்காகவே ஓர் ஊரில் தங்க நேரலாம்; ராமனும் கணக்கு எழுதியவரே. அதில் இழிவில்லை. கணக்கு எழுதி முடித்த மாலையில் எந்தக் கதவைத் தட்டுகிறான் என்பதே முக்கியம்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. படித்தவன் போய்விட்டானே என்று புலம்புமுன், அவன் இருந்தபோது என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்ப்பது கடன். வூ லியன் தேயை விரட்டியது வெள்ளையர் வகுத்த நிறபேதம். அதனைக் கண்டிக்கும் நாம், கோயிற் கமிட்டியிலும் சங்கத்திலும் சாதி கேட்டு நாற்காலி போடுகிறோமா இல்லையா? பெண் பட்டதாரி பேச எழுந்தால் வாயை அடைக்கிறோமா இல்லையா? குடியைக் கண்டித்துப் பேசுபவனைக் குழப்பக்காரன் என்கிறோமா இல்லையா? அடைத்த கதவுக்குள் நின்றுகொண்டு, வெளியே போனவனை நன்றி கெட்டவன் என்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

ஜப்பானியர் படையெடுப்பால் சீனம் கலங்கிய 1937-இல் வூ லியன் தே மலாயா திரும்பி, ஈப்போ நகரில் மீண்டும் சாதாரண வைத்தியராக அமர்ந்தார். 1960-இல், எண்பதாம் வயதில், பினாங்கில் காலமானார். இறுதி ஆண்டுகளில் ஏழை எளியவர் நாடி வரும் வைத்தியராகவே அவர் இருந்தார். முப்பதாண்டு வெளியே இருந்தவரை ஊர் இழந்துவிடவில்லை. அவர் ஊரை மறந்துவிடவுமில்லை. புறப்படும் பிள்ளைகளைத் தடுக்கவேண்டாம். திரும்பும் நாளில் அவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு வேலையும் வைத்திருப்போம். அதுவே ஊருக்கு அழகு.