லாரி பேக்கர்

லாரி பேக்கர் (1917–2007): சிக்கனக் கட்டுமானத்தால் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர், குவேக்கர் நெறியினர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். தொழுநோய் இல்லங்களைச் சீரமைக்க 1945இல் இந்தியா வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

1948இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட்டில் மனைவி நோயாளிகளைக் கவனிக்க, மருத்துவமனையைக் கட்டியவர் கணவர். மூன்று குழந்தைகளை வளர்த்தனர். பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினர்.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு எழுப்பும் 'ராட் டிராப்' சுவரை அவர் பரவலாக்கினார். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். வீட்டுக்குள் வெப்பமும் குறையும். கூரை கான்கிரீட்டுக்குள் பழைய ஓடுகளைப் பதித்து, சிமெண்டையும் கம்பியையும் குறைத்தார். பூச்சு வேலை வீண்செலவு என்பது அவர் கட்சி. மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பார். வரைபடத்தோடு நில்லாமல் கொத்தனார்களுடன் களத்தில் நின்றதே, அவர் பாணி நிலைத்ததற்குப் பெரிய காரணம் எனலாம். திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸின் சுருள்வடிவக் கட்டடம் பலரும் அறிந்தது; ஆயினும் அதே நகரின் வளர்ச்சி ஆய்வு மையமே அவரது முதன்மைப் படைப்பு. 1990இல் பத்மஸ்ரீ பெற்றார்.