கானோடெர்மா

மரத்தை ஒட்டி வளரும் காளான் பேரினம். இதன் சில வகைகள் சீனாவில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி என்ற பெயர்களில் நெடுங்காலமாக மருந்தாகப் போற்றப்படுகின்றன. காவிரிப் படுகைத் தென்னை விவசாயிக்கோ இது தோப்பை அழிக்கும் பகை. 1952-இல் தஞ்சைப் பகுதியில் கண்டறியப்பட்டதால் ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்றே பெயர்பெற்ற அடித்தண்டழுகலை உண்டாக்குவது இதுதான்.

நோய் கண்ட மரத்தின் தூரில் செம்பழுப்பு நீர் கசியும். அடிமட்டைகள் தொங்கும், குரும்பை உதிரும், வேர் அழுகும். முற்றிய நிலையில், மெருகேற்றியதுபோல் பளபளக்கும் விசிறி வடிவக் காளான் தூரை ஒட்டி வெளிவரும். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் போர்டோ கலவை ஊற்றுவதும் வழக்கமான தடுப்பு முறைகள்.

மருத்துவ ஆர்வத்துக்குக் காரணம் கானோடெர்மாவிலுள்ள பீட்டா குளுக்கான், டிரைடெர்பீன் சேர்மங்கள். கேரளத்தில் திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் கே. கே. ஜனார்த்தனன் குழுவினர் தென்னிந்தியக் கானோடெர்மாச் சாற்றை ஆராய்ந்து, ஆய்வக விலங்குகளில் கட்டி வளர்ச்சியைத் தடுக்கும் தன்மையைப் பதிவு செய்தனர். நம்பிக்கையூட்டும் பணிதான்; ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

373 நோயாளிகள் பங்கேற்ற 5 சோதனைகளை அலசிய, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு, இதைப் புற்றுநோய்க்கு முதல்நிலைச் சிகிச்சையாக்கப் போதிய சான்றில்லை என்றது. இரண்டாம் வகை நீரிழிவு குறித்த 2015 மறுஆய்வும் இதன் பயனை உறுதிசெய்யவில்லை.

தோப்பில் முளைத்ததைப் பறித்துக் கஷாயம் வைக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர், கடைகளில் விற்கும் ரெய்ஷி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.