சாவி யாரிடம்? நியூயார்க்கின் கூட்டுத் தோட்டங்களும் அண்டை உறவும்

மன்ஹாட்டனின் மேற்கு 48ஆம் தெருவில் கிளின்டன் சமூகத் தோட்டம் என்றொரு சிறு நிலம் இருக்கிறது. பயிரிடுவோருக்கென்று அங்கே பிரித்துவிட்ட பாத்திகள் நூறைச் சற்றே தாண்டும். வாயிற்கதவின் சாவியோ ஆயிரக்கணக்கானோர் கையில் இருக்கிறது. பாத்தி இல்லாதவருக்குச் சாவி எதற்கு? அந்நகரத்துக் கூட்டுத் தோட்டங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

கூட்டுத் தோட்டம் அக்கம்பக்கத்தாரை இணைக்கிறது என்று சொல்லாதவர் இல்லை. மண்ணில் கை வைத்தால் மனம் இளகிவிடும் என்பது போன்ற ஒரு நம்பிக்கை அந்தப் பேச்சின் அடியில் கிடக்கிறது. நியூயார்க்கின் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. அங்கே ஒரே தெருவில் முகம் பார்க்காமல் வாழ்ந்தவர்களைப் பேச வைத்தவை குப்பை, தண்ணீர், பூட்டு, நிலத்தின் உரிமை ஆகிய நான்கு தொல்லைகள். ஒவ்வொரு தொல்லையும் முந்தையதைவிடப் பெரிய வட்டத்தைக் கூட்டியது. 1973இல் தொடங்கி 2002இல் ஓர் ஒப்பந்தத்தில் வந்து நின்ற அந்த முப்பதாண்டுக் கதையே இங்கு ஆய்வுப் பொருள்.

நெருக்கடிக்காலப் பயிர்

வெற்று மனையில் நகரத்தார் பயிரிடுவது 1970களின் கண்டுபிடிப்பு அன்று. 1893இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரீ, வேலையிழந்தோர் உருளைக்கிழங்கு பயிரிடச் சும்மா கிடந்த மனைகளைத் திறந்துவிட்டார். 1894இல் 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் பயிரிட்டன. நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் பூங்காவில் ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் 1902இல் சிறுவர்களுக்கான பண்ணைப் பள்ளி தொடங்கினார். இரண்டு உலகப் போர்களின்போதும் வீட்டுக்கொல்லையும் பூங்காவும் காய்கறித் தோட்டங்களாயின. போர் முடிந்ததும் புல்தரை திரும்பி வந்தது.

இந்த வரலாற்றை எழுதிய லாரா லாசன், 2005இல் வெளிவந்த தம் நூலில் ஒரு போக்கைச் சுட்டுகிறார்: நெருக்கடி வரும்போதெல்லாம் தோட்டத்தைத் தேடுகிறார்கள், நெருக்கடி தீர்ந்ததும் நிலத்தை வேறு பயனுக்குத் திருப்பிவிடுகிறார்கள். தோட்டம் என்பது எப்போதுமே இடைக்கால ஏற்பாடு. பிங்ரீயின் உருளைக்கிழங்கு மேலிருந்து வந்த திட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தைக் கொடுத்தவர் திரும்பக் கேட்டபோது, வாங்கியவர்களுக்குள் பேசி முடிவெடுக்க ஓர் அமைப்பு இருக்கவில்லை.

கைவிடப்பட்ட மனைகள்

1970க்கும் 1980க்கும் இடையில் நியூயார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 79 லட்சத்திலிருந்து 71 லட்சத்துக்கு இறங்கியது. 1975இல் நகராட்சி திவாலாகும் விளிம்பில் நின்றது. தெற்கு பிராங்க்ஸிலும் லோயர் ஈஸ்ட் சைடிலும் வாடகை வருமானம் பராமரிப்புக்குப் போதாமல் கட்டட உரிமையாளர்கள் வரி கட்டுவதை நிறுத்தினர். சிலர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்தனர். வரிபாக்கிக்காக நகராட்சி எடுத்துக்கொண்ட கட்டடங்கள் இடிந்தும் இடிக்கப்பட்டும் செங்கல் மேடுகளாயின. வேண்டாத சொத்துக்கெல்லாம் நகராட்சி உரிமையாளராகி நின்றது. நம் வழக்கில் அவற்றைப் புறம்போக்கு என்றே சொல்லியிருப்போம். மெத்தை, பழைய குளிர்பெட்டி, எரிந்த கார், போதை ஊசி எல்லாம் வந்து சேர்ந்த இடங்கள் அவை.

லிஸ் கிறிஸ்டி லோயர் ஈஸ்ட் சைடில் வாழ்ந்த ஓவியர். 1973இல் அவரும் நண்பர்களும் கிரீன் கெரில்லாஸ் என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டு, விதையும் உரமும் கலந்து கட்டிய பொதிகளை வேலிக்கு அப்பால் வெற்று மனைகளுக்குள் எறிந்தார்கள். இது கவனத்தை ஈர்த்த செயல். ஆனால் எறிந்தவர் போய்விடலாம், விதை முளைத்தால் முளைக்கட்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. பவரி தெருவும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த மனையைச் சுத்தம் செய்ய இறங்கியபோது கதை மாறியது. குப்பையை அள்ள ஆள் வேண்டும், மறுநாளும் வேண்டும். 1974 ஏப்ரலில் நகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. உயர்த்திக் கட்டிய 60 பாத்திகளில் காய்கறி வந்தது. பாத்தியை உயர்த்தியதற்கு அழகுணர்ச்சி காரணமில்லை. அடியில் கிடந்தது இடிந்த கட்டடம்.

ஒரு டாலர் என்பதைப் பலரும் நகராட்சியின் தாராளம் என்று எழுதிச் செல்கிறார்கள். எனக்கு அந்த வாடகையின் தொகையைவிட வாடகைச் சீட்டு முக்கியமாகப் படுகிறது. சீட்டு என்றால் அதில் எழுத ஒரு பெயர் வேண்டும். பெயர் வேண்டுமென்றால் ஒரு குழு வேண்டும், குழுவுக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். விதைப்பொதி எறிந்தவர்களைக் கணக்கு எழுதுபவர்களாக்கியது அந்தக் காகிதம்.

1978இல் ஆபரேஷன் கிரீன்தம்ப் என்ற நகராட்சித் திட்டம் தொடங்கியது. கூட்டரசின் சமூக மேம்பாட்டு நிதியிலிருந்து மரப்பலகை, மண், கருவிகள் தந்தார்கள். ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகை. நகராட்சிக்குத் தேவைப்பட்டால் குறுகிய முன்னறிவிப்பில் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. லாசன் சொன்ன இடைக்காலத் தன்மை இம்முறை எழுத்தில் ஏறியது.

தண்ணீரும் குடிசையும்

இந்த மனைகளில் குழாய் இணைப்பு கிடையாது. தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். அதற்கு அனுமதிச் சீட்டு, திருகித் திறக்கத் தனிச் சாவி, நடைபாதையைக் கடந்து போகும் நீண்ட ரப்பர் குழாய். ஒருவர் தன் பாத்திக்கு மட்டும் இத்தனையும் செய்துகொண்டிருக்க முடியாது. யார் திறப்பது, யார் குழாயைச் சுருட்டி வைப்பது, ஆகஸ்ட் வெயிலில் ஊருக்குப் போனவரின் தக்காளிக்கு யார் ஊற்றுவது என்றெல்லாம் முறை வைத்தாக வேண்டும். முறை வைத்தால் முறை தவறுபவர் இருப்பார். அவரிடம் போய்ப் பேசவும் ஒருவர் வேண்டும். தோட்டத்து நட்பைப் பற்றி எழுதுவோர் இந்தச் சண்டைகளை ஓரங்கட்டிவிடுகிறார்கள். அயலாருக்கிடையே நிரந்தரமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்ததற்கு இவையே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதில் தனியாக நின்று பார்க்க வேண்டியவர்கள் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள். பிராங்க்ஸ், கிழக்கு ஹார்லம், லோயர் ஈஸ்ட் சைடு மனைகளில் அவர்கள் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே தம் தீவின் கிராமத்து வீட்டைப் போலவே மரத்தால் சிறு வீடு கட்டி வண்ணம் பூசினார்கள். அதன் பெயர் காசீத்தா. படுத்துறங்க அன்று, முன்திண்ணையில் உட்கார, டோமினோ ஆட, சமைக்க, பாட. பிராங்க்ஸில் 158ஆம் தெருவும் புரூக் அவென்யூவும் சந்திக்குமிடத்தில் 1970களின் பிற்பகுதியில் எழுந்த ரின்கோன் கிரியோயோ, பொம்பா, பிளேனா இசைக்கு நகரத்திலேயே முதன்மையான களங்களில் ஒன்றானது. கூட்டமாகப் பறையடித்துப் பாடும் மரபு அது; அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அதற்கு இடமேது?

லாரா சல்டிவர்-தனாகாவும் மரியன் கிராஸ்னியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இலத்தீன் அமெரிக்கர்கள் நடத்திய 20 நியூயார்க் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. தங்கள் தோட்டத்தை விளைநிலமாகக் கருதுவதைவிடக் கூடிப் பழகும் பண்பாட்டு வெளியாகவே அம்மக்கள் கருதினார்கள் என்பது அதன் முடிவு. திருவிழா, தேவாலயக் கூட்டம், பள்ளிச் சிறுவர் வருகை, மருத்துவ முகாம், வாக்காளர் பதிவு எல்லாமே அங்கு நடந்தன. அப்படியானால் தோட்டத்தின் உறுப்பினர் யார்? பாத்தி வைத்திருப்பவரா, திண்ணையில் உட்கார வருபவரா?

சதுர அங்குலம் ஐந்து டாலர்

கிளின்டன் தோட்டம் இந்தக் கேள்வியை 1984இல் எதிர்கொண்டது. 1978இல் அக்கம்பக்கத்தார் துப்புரவு செய்த அந்த மனையை நகராட்சி ஏலத்துக்குக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் நிலத்தைச் சதுர அங்குலம் ஐந்து டாலர் என்று அடையாளமாக விற்று ஆதரவு திரட்டினார்கள். சதுர அங்குலத்தில் கொத்துமல்லிகூட வளராது. வாங்கியவர்களுக்கு அது தெரியும். ஆனால் செடி வளர்க்க எண்ணமில்லாத பலரும் இதனால் அந்நிலத்தில் பங்காளிகளானார்கள். அதே ஆண்டு நிலம் ஏலத்திலிருந்து விடுபட்டு நகரப் பூங்காத் துறைக்குச் சென்றது. ஒரு சமூகத் தோட்டம் இப்படிப் பூங்காவானது அதுவே முதல் முறை. பாத்தி இல்லாதவருக்கும் சாவி உண்டு என்ற வழக்கத்தை இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எதிர்ப்புற எடுத்துக்காட்டு ஒன்று உடனே கைக்கு வருகிறது. ஆடம் பர்ப்பிள் என்று தன்னை அழைத்துக்கொண்டவர் 1975 முதல் லோயர் ஈஸ்ட் சைடில் வட்ட வட்டமாக விரிந்த ஒரு தோட்டத்தை வளர்த்தார். சென்ட்ரல் பூங்காவிலிருந்து குதிரைச் சாணத்தைச் சைக்கிளில் சுமந்து வந்து மண்ணாக்கியவர். சுமார் 15,000 சதுர அடிக்குப் பரந்த அந்தத் தோட்டத்தை 1986 ஜனவரியில் வீடு கட்டுவதற்காக இடித்தார்கள். இத்தோட்டங்களில் அதைப் போலப் புகழ்பெற்றது அரிது. ஆனால் அது ஒரு தனிமனிதரின் படைப்பாகவே அறியப்பட்டிருந்தது. அழகு ஒரு நிலத்தைக் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏலம்

1990களில் நிலத்தின் விலை ஏறியது. கைவிட்ட மனைகளைத் திரும்பக் கேட்கும் காலம் வந்தது. 1998இல் மேயர் ருடால்ஃப் ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கணக்கான தோட்டங்களைப் பூங்காத் துறையிடமிருந்து வீட்டுவசதித் துறைக்கு மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டவை 1999 மே 13 அன்று ஏலம் விடப்படும் என்று அறிவிப்பு வந்தது. இது சந்தைப் பொருளாதாரம், கம்யூனிசத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற கருத்தில் மேயர் வானொலியில் பேசினார்.

அவர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வீடில்லாதவர் பல்லாயிரம் பேர் வாழும் நகரத்தில் அரசு நிலத்தில் தக்காளியா, வீடா என்று கேட்டால் எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. ஆயினும் இந்த ஏலத்தில் எடுப்பவர் ஏழைகளுக்கு வீடு கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை. வீட்டுவசதி என்ற வாதம் இவ்விடத்தில் வலுவிழந்தது.

இந்த மிரட்டல் செய்த வேலையைப் பார்ப்போம். அதுவரை ஒவ்வொரு தோட்டமும் தன் தெருவை மட்டுமே அறிந்திருந்தது. புரூக்ளினில் பீன்ஸ் பயிரிட்ட கறுப்பின மூதாட்டிக்கும் கிழக்கு 6ஆம் தெருவின் இளம் ஓவியருக்கும் பேச எதுவும் இருந்திருக்காது. ஏலப் பட்டியல் அவர்களை ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தது. சூரியகாந்தி வேடமிட்டு மரத்தில் ஏறியவர்களும், வழக்குத் தொடுத்தவர்களும், பணம் திரட்டியவர்களும் ஒரே அணியில் நின்றார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பு ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கும், நடிகை பெட் மிட்லரின் நியூயார்க் ரெஸ்டொரேஷன் புராஜெக்ட் ஏறத்தாழ 12 லட்சம் டாலருக்கும் தோட்டங்களை வாங்கிக்கொள்ள ஏற்பாடாகி, ஏலம் நின்றது. அங்கீகாரமின்றி உழைத்து உண்டாக்கியதை முழுவிலை கொடுத்து மீட்க நேர்ந்தது பற்றிக் கசப்புக் கொண்டவர்களும் உண்டு.

அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்த எஸ்பெரான்சா தப்பவில்லை. புவெர்ட்டோ ரிக்கோ குடும்பத்தார் 1970களின் இறுதியில் கிழக்கு 7ஆம் தெருவில் உருவாக்கிய தோட்டம். காவலுக்கு நின்றவர்கள் அத்தீவின் கோக்கி தவளையைப் பேருருவமாகச் செய்து, அதன் உள்ளே படுத்து இரவு காத்தார்கள். 2000 பிப்ரவரி 15 அன்று முப்பது பேருக்கு மேல் கைதாக, இயந்திரங்கள் உள்ளே புகுந்தன. மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் கேட்ட தடையாணையை நீதிபதி அதே நாளில் பிறப்பித்தார். அது வந்து சேர்ந்தபோது எஸ்பெரான்சா தரைமட்டமாகியிருந்தது. மற்றத் தோட்டங்களைக் காத்தது அந்த ஆணைதான். மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் ஸ்பிட்சரும் 2002 செப்டம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சுமார் 400 தோட்டங்கள் நிலைபெற்றன. 38 மனைகள் உடனடியாக வீடு கட்டப் போயின. மேலும் நூற்றுக்கும் மேற்பட்டவை தனி ஆய்வு நடைமுறைக்கு உட்பட்டன.

வேலியின் இருபுறம்

ஒப்பந்தத்துக்குப் பிந்தைய கால்நூற்றாண்டில் சிக்கல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. வோய்க்கு, பீன் ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வின்படி, வறுமை மிகுந்த பகுதிகளில் தோட்டம் திறந்த 5 ஆண்டுகளுக்குள் சுற்றுப்புறச் சொத்தின் மதிப்பு 9.4 சதவீதப் புள்ளி வரை கூடியது. தோட்டத்தின் வெற்றிக்கு இதை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. சொந்த வீடில்லாதவருக்கு இந்தக் கணக்கு வாடகை உயர்வாகத்தான் வரும். செங்கல்லைப் பொறுக்கியவரின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் குடியிருக்க முடியாமல் போனால், அந்தப் பாத்திக்கு வரும் புது அயலாருக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

கிரீன்தம்ப் இன்று 550க்கும் மேற்பட்ட தோட்டங்களுக்குத் துணைநிற்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணிநேரம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் விதி. பூட்டி வைத்தால் களவு குறையும், தெருக்காரருக்கு அந்நியமாகும். திறந்து வைக்க ஓர் உறுப்பினர் வந்து உட்கார வேண்டும். அந்த உட்காரும் முறைக்கு மறுபடியும் ஒரு பட்டியல், மறுபடியும் ஒரு கூட்டம்.

ரின்கோன் கிரியோயோவின் பழைய மனையும் கடைசியில் கட்டுமானத்துக்குப் போனது. அதன் மக்கள் அடுத்த தெருவில், 157ஆம் தெருவும் புரூக் அவென்யூவும் சந்திக்கும் மூலையில், காசீத்தாவை மீண்டும் எழுப்பி அதே பெயரை மாட்டினார்கள். பிளேனா அங்கே தொடர்கிறது.