சூம்பிய காலும் ஒரு பெயரும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கால் மட்டும் சூம்பியவரைக் கண்டால் எவரும் காரணம் கேட்பதில்லை. இளம்பிள்ளைவாதம் என்று சொல்லிக் கடந்துவிடுவோம். அச்சொல் பலருக்குப் பொருந்தியது. சிலருக்குப் பொருந்தவில்லை.

1991 அளவில், திருநெல்வேலி வளாகத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் வலது கெண்டைக்கால் மெலியத் தொடங்கியது. வயது இருபது. நோவில்லை, விறைப்பில்லை. நடக்கையில் செருப்பு கழன்றது; சைக்கிள் மிதிக்கையில் கால் சோர்ந்தது. ஊரார் வழக்கமான தீர்ப்பையே வழங்கினர். குழந்தைப் பருவத்தில் சொட்டுமருந்து கொடுக்கத் தவறிவிட்டேனோ என்று தாயார் தம்மையே நொந்துகொண்டார். இளம்பிள்ளைவாதம் காய்ச்சலோடு வந்து சில நாட்களில் காலை முடக்குவது. மாதக்கணக்கில் ஊர்ந்து வருவதன்று. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச்சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நோய்க்கோ அப்போதே பெயர் இருந்தது. இளைஞரின் ஒரு கை மட்டும் மெலியும் நோயை 1959இல் ஜப்பானிய மருத்துவர் கெய்சோ ஹிராயாமா விவரித்தார். கால் மெலிந்தோரைப் பற்றிச் சண்டிகார் மருத்துவர்கள் 1981இல் எழுதினர். 1984இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் கௌரி தேவி குழுவினர், ஒற்றைக் கையோ காலோ மெலிந்தவர்களை ஆராய்ந்து 'மோனோமெலிக் அமையோட்ரஃபி' என்றனர். ஒற்றை அவயவத் தசைமெலிவு எனலாம். இலங்கையில் ஜே. பி. பீரிஸ் குழுவினர், கை மெலிந்த இளைஞர் பலரைப் பற்றி 1989இல் எழுதினர்.

மயக்கத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. போலியோக் கிருமி அழிக்கும் அதே முள்ளந்தண்டு வட நரம்புக்கலங்களே இங்கும் நலிகின்றன. ஏன் நலிகின்றன என்பது, காலைப் பொறுத்தவரை, இன்னும் தெளிவாகவில்லை. பெரும்பாலும் இளம் ஆண்களையே பிடிக்கும். சில ஆண்டுகள் மெல்ல வளர்ந்து, பலருக்குத் தானாகவே நின்றுவிடும். இழந்த தசையை மீட்க மருந்தில்லை. ஆனால் 'இது நின்றுவிடக்கூடியது' என்ற சொல் சிறிய மருந்தன்று. உயிர்குடிக்கும் இயக்க நரம்பு நோயோ என்று அஞ்சிக் கிடப்பவரிடம் கேட்டால் தெரியும்.

1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். தசையும் நரம்பும் தமிழில் பாடமான ஊரில், நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் எல்லா மெலிந்த காலுக்கும் ஒரே சொல்தான் இருந்தது என்பது எனக்கு உறுத்துகிறது.

போர் மேலும் தாமதப்படுத்தியது. ஏ9 பாதை 2002இல் திறந்தபின்பே நண்பர் கொழும்பு சென்று, நரம்பு, தசை மின்பரிசோதனை செய்துகொண்டார். மருத்துவர் பெயரைச் சொன்னபோது, கால் மெலிவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். போருக்கிடையிலும் சொட்டுமருந்து நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்ததுண்டு. ஆகவே இன்று ஓர் இளைஞனின் கால் புதிதாக மெலிந்தால் பழைய பெயர் பொருந்தாது. முள்ளந்தண்டில் அழுத்தம் உண்டா என எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவேண்டும், அது இருந்தால் சிகிச்சையும் இருக்கக்கூடும். சிறுவயதில் போலியோ கண்டவருக்கு முதுமையில் புதிய தளர்ச்சி வருவதும் உண்டு. அது வேறு கதை, பிறிதொரு நாள் எழுதுகிறேன்.