தேக்கம் பெருசா, குழாய் பெருசா? - கிராபிக்ஸ் கார்டு பழங்கதை

கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கடைக்குப் போனா, ராஜபாளையமோ ரிச்சி ஸ்ட்ரீட்டோ, முதல் கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை ஜிபி வேணும் சார்?" அடுத்த வசனம்: "இது லேட்டஸ்ட் மாடல் சார்". இந்த ரெண்டையும் நம்பி ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுக்கலாமா? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினா பதில் கிடைக்கும்.

அதுக்கு முன்னாடி எங்க ஊர் உதாரணம் ஒண்ணு. அய்யனார் கோவில் பக்கம் மலையில மழை பெஞ்சா ஆத்துல தண்ணி வரும். அது ஆறாவது மைல் தேக்கத்துல சேர்ந்து, குழாய் வழியா ஊருக்குள்ள வரும். தேக்கம் நிரம்பி வழிஞ்சாலும், நம்ம தெருக் குழாய் அரை இஞ்ச்னா குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். கார்டுலயும் இதே கதைதான். ஜிபி-ங்கிறது தேக்கத்தோட கொள்ளளவு. ஒரு வினாடிக்கு எவ்வளவு டேட்டா போகுதுங்கிற 'பேண்ட்வித்' தான் குழாய். உள்ளே இருக்கிற கோர்கள் எல்லாம் குடத்தோட வரிசையில நிக்கிறவங்க. சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் ரவுண்டு: 1995 - 1996

1995ல் எஸ்3 கம்பெனி 'விர்ஜ்' சிப்பைக் கொண்டு வந்தது. 2டி வேலைகளுக்கு நல்ல சிப்பு. ஆனா 3டி-யில எல்லா அலங்காரத்தையும் போட்டா, கார்டே இல்லாம பிராசசர் மட்டும் வரையுற வேகம் கூட வராது. ஆக்சிலரேட்டர்னு விற்ற சாமானை ஜனங்க 'டீசிலரேட்டர்'னு கிண்டல் பண்ணினாங்க :-)

அடுத்த வருஷமே 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட 'வூடூ' வந்தது. 50 மெகாஹெர்ட்ஸ், 4 எம்பி மெமரி, அவ்வளவுதான். 2டி வேலையே தெரியாது, அதுக்குத் தனியா இன்னொரு கார்டு வேணும். ஆனா 3டி கேம்ல 640x480-ல பின்னி எடுத்துச்சு. அது ஒரு வினாடிக்கு அதிகபட்சம் 5 கோடி புள்ளி வரையும். இன்னைக்கு ஒரு 4கே திரையில கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. அதாவது அன்னைய ராஜாவால இன்னைய திரையை வினாடிக்கு ஆறு தடவைதான் நிரப்ப முடியும்! இன்னொரு கணக்கும் இருக்கு: 4கே திரைங்கிறது சரியா 27 மடங்கு 640x480. புதுக் கார்டோட வேகத்துல பெரும் பங்கைத் திரையே தின்னுடுது.

இரண்டாவது ரவுண்டு: பேரு மாத்தும் வித்தை

2001ல் என்விடியாவோட ஜிபோர்ஸ் 3 வந்தது. கேம் எழுதுறவங்களே புரோகிராம் பண்ணக்கூடிய 'ஷேடர்' அதுல இருந்துச்சு. தண்ணி மேல வெயில் மின்னுறது, சுவர்ல நிழல் விழுறது எல்லாம் அழகாக ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். 2002ல் ஜிபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440 வந்தது. 4-ங்கிறது 3-ஐ விடப் பெருசுதானே? கடிகார வேகமும் 200-லிருந்து 270 மெகாஹெர்ட்ஸ் ஆச்சே? அங்கதான் சூட்சுமம். எம்எக்ஸ் 440-ன் உள்ளே இருந்தது ஜிபோர்ஸ் 2 வம்சத்துச் சரக்கு. பிக்சல் ஷேடர் கிடையாது. புள்ளி வரையுற பைப்லைன் 4-லிருந்து 2 ஆச்சு. குழாயும் வினாடிக்கு 7.4 ஜிபி-லிருந்து 6.4 ஆகச் சுருங்கிடுச்சு. 2003ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஜிபோர்ஸ் 3-ல ஓடும், எம்எக்ஸ்-ல ஓடாது. விலை மலிவா இருந்ததால நம்ம பக்கம் அதிகமா வித்தது என்னவோ எம்எக்ஸ்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்கேயோ கிண்டி அந்தப் பேரை ஒட்டக்கூடாதுன்னு அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. கிராபிக்ஸ் கார்டுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க!

2006 நவம்பர்ல வந்த 8800 ஜிடிஎக்ஸ் ஒரு பெரிய பாய்ச்சல். 68 கோடி டிரான்சிஸ்டர், 768 எம்பி மெமரி, வினாடிக்கு 86 ஜிபி குழாய். 2008ல் வந்த 9800 ஜிடிஎக்ஸ்-ல மெமரி 512 எம்பி, குழாய் 70 ஜிபி. சின்ன திரையில புதுசு ஈடு கொடுத்துச்சு, பெரிய திரையில பழசுதான் ஜெயிச்சுது. அப்புறம் அந்த 9800-ஐயே கொஞ்சம் முடுக்கி, 2009ல் ஜிடிஎஸ் 250-னு புதுப்பேர் வச்சு வித்தாங்க.

மூன்றாவது ரவுண்டு: நம்ம காலம்

2021ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல 12 ஜிபி மெமரி, 360 ஜிபி குழாய். 2023ல் வந்த 4060-ல 8 ஜிபி, 272 ஜிபி குழாய். மறுபடியும் அதே வித்தையா? இந்தத் தடவை முழுசா அப்படிச் சொல்ல முடியாது. 4060-ல சிப்புக்குள்ளேயே இருக்கிற கேஷ் மெமரி 3 எம்பி-லிருந்து 24 எம்பி ஆயிடுச்சு. மொட்டை மாடியில சின்டெக்ஸ் டேங்க் வச்ச மாதிரி. அவசரத்துக்குத் தெருக் குழாயடிக்கு ஓட வேண்டாம். அதனால பெரும்பாலான கேம்கள்ல 4060 முந்துது. கரண்டும் 170 வாட்டுக்குப் பதிலா 115 வாட்டுதான்.

ஆனா 8 ஜிபி நிரம்பிட்டா? மீதி டேட்டா மதர்போர்டு வழியா வரணும். 4060-க்கு அந்தப் பாதை 8 லேன்தான், 3060-க்கு 16. புது மதர்போர்டுல 8 லேன்னா வினாடிக்கு சுமார் 16 ஜிபி. பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டுல அதுலயும் பாதி. 272 எங்கே, 8 எங்கே! பழைய சிஸ்டத்துல புதுக் கார்டை மட்டும் மாட்டலாம்னு நினைக்கிற நம்மள மாதிரி ஆளுங்க கவனிக்க வேண்டிய இடம் இது.

அப்போ பழசே நல்லதா? அதுவும் இல்லை. 8800 ஜிடிஎக்ஸ் 150 வாட்டை ஒட்டி இழுத்துக்கிட்டு செஞ்ச கணக்கு வேலையை விட, 4060 அதைவிடக் குறைஞ்ச கரண்ட்ல 40 மடங்குக்கு மேல செய்யுது. அதோட பழசுக்கு டிரைவர் நின்னு போகும். ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில பெரும்பாலானதுக்குப் புது கேம் டிரைவர் 2021ல் நின்னாச்சு. கார்டு நல்லாத்தான் இருக்கும், புது கேம்தான் அதைக் கண்டுக்காது.

ஆகவே மக்களே, காசை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. உள்ளே இருக்கிற சிப்பு எந்த வருஷத்து வம்சம்? குழாய் எவ்வளவு? என் மதர்போர்டுல எத்தனை லேன் கிடைக்கும்? இதுக்கு டிரைவர் இன்னும் வருதா? நாலுக்கும் பதில் சொல்லாம "லேட்டஸ்ட் சார்"னு மறுபடி ஆரம்பிச்சார்னா, ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிடுங்க.

டிஸ்கி: ஆபீஸ் வேலை, சினிமா, பிரவுசிங் மட்டும்னா இந்த ஆராய்ச்சியே வேண்டாம். பிராசசரோட சேர்ந்து வர்ற கிராபிக்ஸே போதும். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்க.