படம் கீறுகிற கை

எங்கட ஊரில் படம் "வரைவது" என்று யாரும் கதைப்பதில்லை. படம் "கீறுவது" என்றுதான் சொல்வோம். முள் கீறினாலும் கீறல்தான், பென்சிலால் கீறினாலும் கீறல்தான். பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு இருந்த மரியாதை உங்களுக்கே தெரியும். கணக்கு வாத்தியாருக்கு நேரம் போதாவிட்டால் முதலில் பறிபோவது சித்திரப் பாடம்தான். "கீறிக் கொண்டிருந்தால் சோறு வருமோ?" என்று கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அதனால் மனம் உடைந்தவனுக்குப் படம் கீறுவது நல்லது என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த எண்ணத்தின் வரலாற்றைத் தேடிப் பார்த்தால், அதன் வேர் எங்களைப் போன்ற அகதிகளிடம்தான் போய் நிற்கிறது.

முதலில் நான் வாழும் ஒக்லாந்திலிருந்து தொடங்குகிறேன்.

நியூசிலாந்து அரசின் ஒதுக்கீட்டில் வரும் அகதிகள் முதலில் வந்து தங்குவது தெற்கு ஒக்லாந்தின் மாங்கரே மீள்குடியேற்ற நிலையத்தில். 2001இல் நடுக்கடலில் தம்பா கப்பல் காப்பாற்றியவர்களில் 131 பேரை நியூசிலாந்து ஏற்றபோது அவர்களும் அங்குதான் வந்தார்கள். அப்படி வருபவர்களின் மனநலத்தைப் பார்ப்பதற்கென்றே 1995இல் "ரெபியூஜீஸ் அஸ் சர்வைவர்ஸ்" என்ற அமைப்பு இங்கே தொடங்கப்பட்டது. அதே 1995இல் மனநோயால் துன்பப்பட்டவர்கள் கூடிப் படம் கீறவும் எழுதவும் "தொய் ஓரா" என்ற கலைக்கூடமும் ஒக்லாந்தில் உருவானது. மாவோரி மொழியில் தொய் என்றால் கலை, ஓரா என்றால் உயிர், நலம்.

1995 எங்களுக்கு எந்த ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்ட ஆண்டு. அந்த இரவைச் சுமந்துகொண்டு பிறகு இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர். இப்படியொரு இடம் இங்கே இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சரி, இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

ஏட்ரியன் ஹில் என்று ஒரு ஆங்கிலேய ஓவியர். முதலாம் உலகப்போரில் போர்க்கள ஓவியராக இருந்தவர். 1938இல் கசநோய் வந்து சசெக்சில் ஒரு சுகநிலையத்தில் படுக்கையில் கிடந்தபோது, பொழுது போகாமல் கட்டிலைச் சுற்றி இருந்த சாமான்களைக் கீறத் தொடங்கினார். அது தன்னைத் தேற்றுவதைக் கண்டு, போரில் காயப்பட்டு வந்தவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். "ஆர்ட் தெரபி" என்ற சொல்லை 1942இல் உருவாக்கியவர் இவர்தான். பெயர் அவருடையது. ஆனால் அந்த வேலையின் உயிர் அதே ஆண்டு வேறொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிரீடல் டிக்கர் பிரான்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைக் கல்லூரியில் படித்தவர். 1934இல் அரசியல் காரணமாக நாட்டை விட்டு பிராக் நகருக்கு ஓடினார். அங்கே தன்னைப் போலவே தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுத்தார். 1942 டிசம்பரில் நாசிகள் அவரைத் தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டு போகலாம். அந்த 50 கிலோவுக்குள் அவர் அடுக்கியதில் பெரும்பகுதி தாள்களும் வண்ணங்களும்!

இடம்பெயர்ந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டை விட்டு ஓடும்போது நாங்கள் எதை எடுத்தோம்? உறுதி, நகை, அடையாள அட்டை, பாணும் தண்ணீரும். அவர் எடுத்தது இன்னும் தான் காணாத பிள்ளைகளுக்கான தாள்.

முகாமில் அவர் நடத்திய வகுப்பில் கவனிக்க வேண்டிய விடயங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளைகளிடம் "நீ கண்ட கொடுமையைக் கீறு" என்று அவர் வற்புறுத்தவில்லை. பூ, பொம்மை, மேசையில் இருக்கும் கிண்ணம், யன்னலுக்கு வெளியே தெரியும் மலை என்று கீற வைத்தார். தாள் முடிந்தபோது பழைய அலுவலகப் படிவங்களை வெட்டி ஒட்டினார்கள். மற்றது, படத்தில் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும். ஆளை இலக்கமாக்கி வரிசையில் நிறுத்தும் இடத்தில் ஒரு பிள்ளை தன் பெயரைத் தானே எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை முகாமில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1944 செப்டெம்பரில் கணவரைக் கொண்டு போனபோது, அடுத்த ரயிலில் தானும் போகிறேன் என்று பெயர் கொடுத்தார் பிரீடல். அந்த ஒக்ரோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். கணவர் தப்பிவிட்டார். போவதற்கு முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கீறிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை. படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில், பெயர்களோடு இருக்கின்றன.

பிராக்கில் அவருக்குத் துணையாக அகதிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இளம் மாணவி ஈடித் கிரேமர். 1938இல் நியூயோர்க்குக்குத் தப்பிப் போனார். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கான கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். இன்று ஒக்லாந்தில் ஒயிட்கிளிஃப் கல்லூரியில் இதை முதுநிலைப் பட்டமாகவே படிக்கலாம். அந்தப் படிப்பின் பரம்பரையைப் பின்னோக்கிப் போனால், அகதிப் பிள்ளைகள் உட்கார்ந்து படம் கீறிய ஒரு பிராக் அறையும் வருகிறது.

எங்கட மண்ணிலும் இது நடந்தது. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் யேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்றார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்து, ஒன்றாக இருந்து படம் கீறவும் களிமண் பிசையவும் கதை சொல்லவும் விட்டார்கள். வெளியே சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது.

பெரியவர்களுக்கும் ஒரு உதாரணம் உண்டு. யாழ் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன், வடக்கில் இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் போய், இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். அவை 2011இல் புத்தகமாக வந்தன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. புத்தகத்தின் பெயரே முற்றுப்பெறாத தோம்பு என்ற பொருளில்தான் இருக்கிறது. அதில் கீறியவர்கள் ஓவியர்கள் இல்லை. கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று கோணல் கோட்டில் கீறிய சாதாரண சனம்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 2016இல் பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமாலின் குழு, 39 பேரை 45 நிமிடம் விரும்பியதைச் செய்ய விட்டது. கிட்டத்தட்ட 75 வீதமானோருக்கு நெருக்கீட்டு ஓமோனான கோட்டிசோல் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பொருட்டாக இருக்கவில்லை. சின்ன ஆய்வுதான், மிகைப்படுத்தக் கூடாது. இன்னொன்று இதைவிட முக்கியம். ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள், துக்கத்தை நினைத்தவர்களில் ஒரு பகுதியினரை அதையே கீறவும் மற்றவர்களை வேறொன்றைக் கீறவும் விட்டார்கள். வேறொன்றைக் கீறியவர்களின் மனம்தான் உடனடியாகக் கூடுதலாகத் தேறியது. பூவையும் கிண்ணத்தையும் கீற வைத்த பிரீடலுக்கு இது 70 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இதனால்தான் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஊரிலும் சரி, புலம்பெயர்ந்த நாட்டிலும் சரி, பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி என்றால் "யுத்தம்" என்று தலைப்புக் கொடுப்பார்கள். பிள்ளை ஹெலியும் ரத்தமும் கீறும். பெரியவர்கள் அதைப் படம் எடுத்து அறிக்கையிலும் நிதி சேகரிப்பிலும் போடுவார்கள். அகதிக்கு விசாரணை மேசையில் எல்லாவற்றையும் அத்தாட்சியாகக் கொடுத்துப் பழக்கம். பிள்ளையின் தாளையாவது அத்தாட்சியாக்காமல் விடக்கூடாதா? பிள்ளை தானாகக் கீறினால் பக்கத்தில் இருந்து பாருங்கள். கீறச் சொல்லிக் கேட்காதீர்கள்.

நித்திரை இல்லாமல், பழையது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்து நிற்பவருக்குப் பென்சில் மட்டும் மருந்தாகாது. அவர் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும், அதில் வெட்கமும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். சான்ட்ரிங்காம் கடைத்தெருவில் வாங்கி வந்த முருங்கைக்காயைக் கீறுங்கள். குளிருக்குள் அடைபட்டிருக்கும் அம்மாவிடம் ஒரு தட்டில் மா கொடுத்துக் கோலம் போடச் சொல்லுங்கள். வடிவாக வரவேண்டும் என்று இல்லை. கீழே பெயரை மட்டும் எழுதி வையுங்கள்.