சோஃபியாவிலிருந்து அனுப்பப்பட்ட கவிதைகள்: பல்கேரிய இலக்கியத்தின் ஆங்கில வருகை, 1986–2023

சிறு மொழிகளின் இலக்கியம் உலகப் பார்வைக்கு வரும் வழியைப் பேசும்போது பாஸ்கல் கசனோவாவைத் தாண்டிப் போக முடியாது. 1999இல் பிரெஞ்சில் வெளிவந்த ‘உலக இலக்கியக் குடியரசு’ நூலில் அவர் வைக்கும் வாதம் பரவலாக அறியப்பட்டதே. இலக்கியத்துக்கெனத் தனித் தலைநகரங்கள் உண்டு, பாரிஸ் அவற்றுள் மூத்தது. விளிம்பில் எழுதுபவரை மையம் கண்டெடுக்கிறது, மொழிபெயர்க்கிறது, அங்கீகாரம் தருகிறது. அரசியலின் பிடி தளரத் தளர ஓர் இலக்கியம் தன்னாட்சி பெற்று இந்தக் குடியரசில் இடம்பிடிக்கிறது.

இதைப் பல்கேரியாவுக்குப் பொருத்தினால் கதை இரண்டாகப் பிளக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சியின் தலைவர் தோதோர் ஷிவ்கோவ் பதவியிழந்த 1989 நவம்பர் 10க்கு முன்புவரை அரசின் ஏற்றுமதி. அதன்பின் மையத்தின் கண்டெடுப்பு. படிக்க வசதியான கதைதான். ஆனால் ஆங்கிலத்தில் வந்த நூல்களின் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அது நிற்கவில்லை.

முதலில் 1989ஆம் ஆண்டின் ஒரு நூலை எடுத்துக்கொள்கிறேன். பிளாகா திமித்ரோவாவின் கவிதைகள் ‘கடல் கருப்பாக இருப்பதால்’ என்று பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வந்தன. திமித்ரோவாவின் நிலை அப்போது விசித்திரமானது. 1981இல் வந்த அவருடைய ‘முகம்’ நாவல் தடைசெய்யப்பட்டிருந்தது. 1989 ஜனவரியில் சோஃபியா வந்த பிரெஞ்சு அதிபர் மித்தரான், தூதரகத்தில் காலைச் சிற்றுண்டிக்கு அழைத்த மாற்றுக்கருத்தாளர்களில் அவரும் ஒருவர். பின்னால் 1992இல் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார். இப்படிப்பட்டவரின் ஆங்கிலத் தொகுதி 1989 என்ற ஆண்டைத் தாங்கி வந்தால், அது மாற்றத்தின் விளைவு என்று எவரும் நினைத்துவிடுவார்கள். நவம்பர் 10க்குப் பின் அந்த ஆண்டில் எஞ்சியது ஏழு வாரம். ஏழு வாரத்தில் கவிதைகளைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, மெய்ப்புப் பார்த்து நூலாக்கும் பல்கலைக்கழகப் பதிப்பகத்தை நான் அறியேன். எந்த மாதத்தில் அச்சானது என்பதை ஒதுக்கிவைத்தாலும், முடிவெடுத்தது ஷிவ்கோவ் ஆட்சியில் இருந்தபோதுதான் என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

அந்த நூலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களாக அதில் காணப்படும் பெயர்கள் நிக்கோ போரிஸ், ஹெதர் மெக்ஹியூ. மெக்ஹியூ அறியப்பட்ட அமெரிக்கக் கவிஞர். அவருடைய படைப்புகளைப் பிற்காலத்தில் பட்டியலிட்டவர்கள் இதே நூலுக்கு இணை மொழிபெயர்ப்பாளராக நிக்கோலாய் போபோவைக் குறிப்பிடுகிறார்கள். மெக்ஹியூவின் கணவரான போபோவ், அவரோடு சேர்ந்து பவுல் செலானையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். அந்த செலான் நூல் 2001இல் கிரிஃபின் பரிசு பெற்றபோது போபோவ் என்ற பெயரே இருந்தது. இரு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கொள்வதே பொருத்தம். ஏன் 1989இல் வேறொரு பெயர்? இலக்கிய விருப்பமாக மட்டும்கூட இருந்திருக்கலாம். ஆனால் நாடு நீங்கிய எழுத்தாளர் கியோர்கி மார்க்கோவ் 1978இல் லண்டன் வீதியில் கொல்லப்பட்டு அப்போது பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நினைவு உலவிய காலத்தில் பல்கேரியர் ஒருவர் அமெரிக்காவில் ஒரு பெயரோடு அச்சேறி, பின்னர் இன்னொரு பெயரோடு வலம்வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சான்று மெலிந்ததுதான். ஆனாலும் அந்தப் புத்தகம் எந்தக் காலத்தின் பிள்ளை என்பதை அதன் ஆண்டைவிட அந்தப் பெயர் தெளிவாகச் சொல்வதாகவே கருதுகிறேன்.

1990இல் லண்டனின் சிறு பதிப்பகமான ஃபாரஸ்ட் புக்ஸ் இரண்டு தொகைநூல்களை வெளியிட்டது. ஒன்று பதின்மூன்று பெண் கவிஞர்களுடையது, மற்றது இளங்கவிஞர்களுடையது. இரண்டாவதன் தலைப்பிலேயே ‘புதிய பல்கேரியா’ இருக்கிறது. இங்கும் அதே வாதம்தான், சற்றுத் தளர்வாக. தலைப்பை மாற்ற ஒரு நாள் போதும். ஒரு தலைமுறைக் கவிஞர்களைத் திரட்டி மொழிபெயர்க்கப் போதாது. அந்தப் பதிப்பகம் ஆட்சி மாற்றத்துக்கு முன்பே சோஃபியாவோடு தொடர்பு வைத்திருந்தது. 1986இல் அது வெளியிட்ட ‘திருடிய நெருப்பு’, அப்போது எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த லியூபோமிர் லெவ்செவுடையது. மொழிபெயர்த்தவர் ஏவால்ட் ஓசர்ஸ். அதே லெவ்செவின் மகன் விளாதிமிர் 1989இல் ‘குரல்’ என்ற கள்ளப்பதிப்பு இதழை நடத்தினார், 1992இல் அதே பதிப்பகத்துக்காகத் திமித்ரோவாவை மொழிபெயர்த்தவர்களில் அவரும் ஒருவர். அதிகாரத்தின் தலைவர், தடைக்குள்ளான கவிஞர், கள்ளப்பதிப்பாளரான மகன் என மூவரும் ஒரே வாசல் வழியாகவே ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறார்கள்.

கசனோவாவுக்கு உண்மையான சங்கடம் இங்கேதான். கண்டெடுத்தது மையம் அல்ல. சோஃபியா பிரஸ் என்ற அரசு நிறுவனம் பிறமொழிகளில் நூல்களை அச்சிட்டு வெளியே அனுப்பியது. அரசு நடத்திய எழுத்தாளர் சந்திப்புகளுக்கு மேலைக் கவிஞர்கள் அழைக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் மெரிடித் அப்படித்தான் அந்நாட்டோடு ஒன்றினார். 1983இல் பக்கவாதம் தாக்கிப் பேச்சுத் தடுமாறிய பிறகும், 1986இல் அவர் ‘பல்கேரியக் கவிஞர்கள்’ தொகைநூலைக் கொண்டுவந்தார். அதற்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களில் ரிச்சர்ட் வில்பர், ஜான் அப்டைக் போன்றோர் உண்டு. (அப்டைக்கின் 1960களின் பயணத்தில் பிறந்த ‘பல்கேரியக் கவிஞி’ சிறுகதையின் நாயகிக்கு முன்மாதிரி திமித்ரோவாவே என்பார்கள்.) ரிச்சர்ட் ஹார்டைஸ் மெரிடித்தோடு சேர்ந்து தொகுத்த அடுத்த தொகைநூல் 1992இல் வந்தது. முந்தைய தொகைநூலை ஆட்சிக்காலக் கணக்கிலும் பிந்தையதை விடுதலைக்காலக் கணக்கிலும் எழுதுவது எனக்குச் செயற்கையாகப் படுகிறது.

அப்படியானால் அறுபட்டது எப்போது? தொண்ணூறுகளின் நடுவில் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. குறிப்பிட்ட ஓர் ஆண்டைச் சுட்டத் தயங்குகிறேன். பொருளாதாரம் சரிந்தது, பணவீக்கம் 1997இல் உச்சம் தொட்டது. அரசு நூல்களை அனுப்புவதை நிறுத்தியபோது எந்த மையமும் கைநீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. பழைய ஆட்சியில் நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்ட கவிஞர் கான்ஸ்தாந்தின் பாவ்லோவ் ஆங்கிலத்தில் நூலாக வந்தது 2000இல்தான், அதுவும் பிரின்ஸ்டனின் ஒரு சிறு பதிப்பகத்தால். தன்னாட்சி வந்தால் அங்கீகாரம் வரும் என்ற விதி மெய்யாக வேண்டிய பத்தாண்டு அது. நடந்ததோ நேரெதிர்.

மீண்டும் நூல்கள் வரத் தொடங்கியதும் அனுப்பும் பக்கத்தின் முயற்சியால்தான், ஆனால் இம்முறை அரசு இல்லாமல். 2007இல் நாவலாசிரியர் எலிசபெத் கோஸ்தோவாவின் பெயரில் சோஃபியாவில் ஓர் அறக்கட்டளை எழுந்தது. அது ரோசெஸ்டரின் ஓப்பன் லெட்டர் பதிப்பகத்தோடு இணைந்து பல்கேரிய நாவல் போட்டி நடத்தியது, சோசோபோலில் கருத்தரங்குகள் கூட்டியது. மிலென் ருஸ்கோவ் 2011இலும், சகாரி கரபாஷ்லியேவ் 2013இலும் அந்தப் பதிப்பகத்தின் வழியாக வந்தனர். இருவரையும் மொழிபெயர்த்த ஏஞ்சலா ரோடல் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்தவர், பல்கேரிய நாட்டார் இசையில் ஈர்க்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர். 2014இல் பல்கேரியா அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. மெரிடித்துக்கும் 1996இல் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி குடியுரிமை கிடைத்திருக்கிறது. விளிம்புதான் மையத்திலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தது! கசனோவாவின் வரைபடத்தில் இந்தத் திசைக்கு அம்புக்குறி இல்லை.

கசனோவாவை ஏற்போர் கடைசியில் 2023ஐக் காட்டுவார்கள். கியோர்கி கோஸ்போதினோவின் ‘காலப் புகலிடம்’ ரோடலின் மொழிபெயர்ப்பில் லண்டனில் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. 50,000 பவுண்டை இருவரும் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பரிசைத் தந்தது மையம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாவலுக்கு ஈராண்டு முன்பே இத்தாலியின் ஸ்ட்ரெகா ஐரோப்பியப் பரிசு கிடைத்துவிட்டது. அப்போது ஆங்கில நூலே வந்திருக்கவில்லை. கோஸ்போதினோவின் முதல் நாவல் 1999இல் பல்கேரியத்தில் வெளியாகி 2005இல் சொர்னிட்சா ஹிரிஸ்தோவாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் புக்கருக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் சோஃபியாவில் இருந்தவர்கள் செய்த வேலையைக் கணக்கில் கொள்ளாமல் லண்டனின் ஒரு மாலையை மட்டும் கொண்டு விதி எழுதுவது கசனோவாவின் நூலுக்கேகூட நியாயம் செய்வதாகாது.